பின்கட்டில் புதைந்த குழாய்: காய்ந்து கிடப்பதாலேயே அது கைவிடப்பட்டதாகுமா?

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் பின்கட்டில் மழைநீர்த் தொட்டிக்காகப் பள்ளம் தோண்டியபோது, மூன்றேகால் அடி ஆழத்தில், பழுப்பு நிறத்தில் மெருகு மாறாத ஒரு ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) குழாய் குறுக்கே கிடப்பதைக் கண்டோம். எங்கள் வீட்டுக் கழிவுநீர் 1990களிலிருந்தே பி.வி.சி. குழாய் வழியாக முன்பக்கத் தெருவில் உள்ள யுஜிடி (பாதாளச் சாக்கடை) சேம்பருக்கு, அதாவது ஆய்வுக் குழிக்குப் போகிறது. ஆகவே இந்தக் குழாய் எங்களுடையது அல்ல, அல்லது எங்களுடையதாக இருந்து மறக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் பார்த்த மாத்திரத்தில், "இது டெட் லைன் சார், யாரும் பயன்படுத்தாத குழாய், உடைத்து இரண்டு பக்கமும் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம்" என்றார். தொட்டிக்குக் கம்பி கட்டும் வேலை அடுத்த வாரம் தொடங்க வேண்டும்.

ஒரு குழாய் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்பதை அதை உடைக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? இதைச் செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள். நான் செய்வதையும் இங்கேயே தேதியிட்டுக் குறித்து வருகிறேன்.

11 பிப்ரவரி, இரவு

அளவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வெளிச்சுற்றை நூல் கட்டி அளந்தேன். 22¾ அங்குலம் வந்தது. அப்படியானால் வெளிவிட்டம் ஏறக்குறைய 7¼ அங்குலம். இந்த வகைக் குழாயின் சுவர் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமான தடிப்புடையது என்பதால், உள்விட்டம் 6 அங்குலம் என்று கொள்ளலாம். ஒரு வீட்டின் கழிவறைக்கு 4 அங்குலமே போதும். 6 அங்குலம் போட்டிருக்கிறார்கள் என்றால், ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளின் நீரை ஏற்பதற்காகப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

இன்னொன்று. இரண்டடிக்கு ஒரு சாக்கெட் தெரிகிறது. சாக்கெட்டின் அகன்ற வாய் எப்போதும் நீர் வரும் திசையைப் பார்த்தே இருக்கும். அதற்குள் அடுத்த குழாயின் முனை செருகப்படும். இங்கே வாய் கிழக்கைப் பார்க்கிறது. ஆகவே நீர் ஓடினால் கிழக்கிலிருந்து மேற்கே ஓட வேண்டும். மேஸ்திரி தன் டியூப் லெவலை (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) வைத்து, 12 அடி தூரத்தில் இரண்டரை அங்குலம் மேற்கே இறங்குவதைக் காட்டினார். இது ஏறத்தாழ 60க்கு 1 என்ற சரிவு. 6 அங்குலக் கழிவுநீர்க் குழாய்க்குப் பழைய ஆட்கள் வைக்கும் சரிவும் அதுவே. மழைநீர்க் குழாயாக இருந்தால் இவ்வளவு கவனமாகச் சரிவு பார்த்திருப்பார்களா என்பது ஐயம்.

அப்பாவுக்கு 84 வயது. அவர், "அது மழைத்தண்ணிக் குழாய்தான்டா, சின்ன வயசிலேர்ந்து எனக்குத் தெரியும்" என்கிறார்.

14 பிப்ரவரி, புதன்

பின்சுவருக்கு அப்பால், வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே துப்புரவுக்காக விட்ட கன்சர்வென்சி சந்தில், எங்கள் எல்லையிலிருந்து மேற்கே 38 அடி தள்ளி, குப்பைக்கும் செடிகளுக்கும் கீழே சப்படிக் கல் (தட்டையான பலகைக் கல்) மூடிய பழைய சேம்பர் ஒன்று கிடைத்தது. குழாய் அதற்குள் வந்து சேருகிறது.

கல்லை நகர்த்தியதும் மேஸ்திரியுடன் வந்த பையன் உள்ளே கால் வைக்கப் போனான். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். நாலடி ஆழம்தானே என்று அவன் சொன்னான். ஆழம் இங்கே பொருட்டல்ல. தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கும் நேரமே மிக ஆபத்தான நேரம். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. அதற்குப் பிறகும் இந்த நாட்டில் ஆட்கள் இறந்துகொண்டே இருக்கிறார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த மரணங்களுக்கான இழப்பீட்டை 30 லட்ச ரூபாயாக உயர்த்த வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். எங்கள் வேலையில் எது தாமதமானாலும் சரி, எந்தச் சேம்பருக்குள்ளும் எவரும் தலையை நுழைக்கக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் திறந்து வைத்தபின், காற்று வரும் பக்கத்தில் நின்று, கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் குழாயின் வாயைப் பார்த்தோம்.

கண்டவை: சேம்பரின் தரையில் நீர் ஓடுவதற்கான வாய்க்கால் காய்ந்திருந்தது. அடியில் சாம்பல் நிறக் கறை ஒன்று, மூன்று விரல் அகலத்தில். குழாயின் வாயில் சிலந்தி வலை. ஒப்பந்தக்காரர் வலையைக் காட்டி, "இதற்கு மேல் என்ன சார் சாட்சி வேண்டும்?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே தோன்றியது.

14 பிப்ரவரி, சற்றுப் பின்னர்

சிலந்தி வலையைப் பற்றி இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலை குழாயின் மேல்பாதியில் மட்டுமே இருக்கிறது. 6 அங்குலக் குழாயில் ஒரு கழிவறையின் நீர் ஓடினால் அடியில் ஓர் அங்குல உயரத்துக்குத்தான் ஓடும். மேலே இருக்கும் வலை அப்படியே இருக்கும். ஆகவே இந்த வலை, குழாய் நிரம்பி ஓடவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி.

18 பிப்ரவரி, ஞாயிறு

இங்கே ஒருவர் சொன்ன யோசனைப்படி, நீண்ட கழியில் கட்டிய கரண்டியால் வாய்க்காலின் குறுக்கே காய்ந்த மணலை மெல்லிய வரப்பாகத் தூவினேன். எந்த நேரத்தில் நீர் வந்தாலும் வரப்பு உடையும். நாள் முழுவதும் காத்திருக்க வேண்டியதில்லை.

21 பிப்ரவரி, புதன்

மூன்று நாட்கள். வரப்பு உடையவில்லை, ஈரமும் இல்லை.

25 பிப்ரவரி, ஞாயிறு

இன்று பச்சைச் சாயம் வாங்கிவந்து எங்கள் வீட்டில் ஊற்றினோம். குழாய்களைத் தேடுபவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபுளோரெசின் அது. ஒரு சிட்டிகை போதும், வெயிலில் பச்சையாக ஒளிரும். கழிவறைகள், சமையலறை, குளியலறை என்று ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் காத்திருந்தோம். சேம்பருக்கு எதுவும் வரவில்லை. அவை எல்லாம் முன்தெருவுக்குத்தான் போகின்றன.

கடைசியாக, எதற்கும் இருக்கட்டும் என்று, பின்கட்டில் உள்ள துவைக்கும் கல்லின் கீழிருக்கும் பழைய நஹானி ட்ராப்பில் (நாற்றம் மேலே வராதபடி நீர் தேங்கி நிற்கும் வடிகால் வாய்) சாயம் கலந்த நீர் ஒரு வாளி ஊற்றினேன். நாலு நிமிடத்தில் சேம்பரில் பச்சை நீர் வந்து மணல் வரப்பை அடித்துக்கொண்டு போனது.

துணி துவைக்கும் இயந்திரம் வந்தபிறகு அந்தக் கல்லை நாங்கள் தொட்டதில்லை. அந்தக் கல்லிலிருந்து ஒரு கிளை புதைந்த குழாயில் சேருகிறது என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. 11ஆம் தேதி "எங்களுடையது அல்ல" என்று எழுதியதை இப்போது திருத்திக்கொள்கிறேன்.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிகிறது. நான் இதுவரை இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன். குழாய் திறந்திருக்கிறதா என்பது ஒன்று; அதில் யாராவது நீர் விடுகிறார்களா என்பது வேறொன்று. இன்றைய சோதனை முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் எங்கள் எல்லையிலிருந்து மேற்கே உள்ள 38 அடிக்கு மட்டும் விடை தந்திருக்கிறது. கிழக்கே மேல்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது.

9 மார்ச், சனி

வேலை நின்றுவிட்டது. ஆழ்துளைக் கிணறுகள் ஊர் முழுவதும் வற்றிக்கொண்டிருக்க, குடிநீர் வாரியம் குடிநீரைக் கட்டுமானம், தோட்டம், வாகனம் கழுவுதல் ஆகியவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டிருக்கிறது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். கான்கிரீட் போட நீர் இல்லாததால் ஒப்பந்தக்காரர் ஆட்களை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார். குழாயை அடைப்பது என்று ஏறக்குறைய முடிவெடுத்திருந்தோம். இந்த உத்தரவு வந்திராவிட்டால் இந்நேரம் உடைத்திருப்போம்.

இன்று காலை வாளியில் அளந்து குளித்துக்கொண்டிருக்கும்போது ஒன்று உறைத்தது. தெரு முழுவதும் நீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழிக்கும் காலத்தில், மூன்று நாள் மணல் வரப்பு உடையவில்லை என்பதை வைத்து நான் எப்படி முடிவுக்கு வந்தேன்? வறட்சியில் செய்த சோதனை வறட்சியைத்தான் அளந்திருக்கும்.

10 மார்ச், ஞாயிறு

இது நீளமான குறிப்பு.

இன்று சந்து வழியாகக் கிழக்கே நடந்தேன். இந்தச் சந்துகளைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலான பேட்டைப் பகுதியிலிருந்து மக்களை வெளியேற்றிக் குடியமர்த்த உருவான புதிய குடியிருப்புப் பகுதிகளில் மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அடங்கும். இரண்டு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கு நடுவே ஒடுக்கமான சந்து விட்டார்கள். அக்காலத்தில் கழிவறை வீட்டின் பின்கோடியில் இருக்கும். மனிதக் கழிவை அள்ளிச் செல்ல நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் அந்தச் சந்து வழியாகத்தான் வந்துபோனார்கள், வீட்டாரின் கண்ணில் படாமல். பின்னர் பாதாளச் சாக்கடை வந்தபோது, கழிவறைகள் எல்லாம் பின்புறமே இருந்ததால், கிளைக் குழாய்களையும் பின்புறமாகவே போட்டிருக்கிறார்கள். எங்கள் பின்கட்டின் கடைசி ஆறடி முன்பு சந்தாக இருந்து பிறகு சுவருக்குள் வந்தது என்று அப்பா சொல்வதோடு இது பொருந்துகிறது. குழாய் எங்கள் நிலத்துக்குள் வரவில்லை. எங்கள் சுவர்தான் குழாயைத் தாண்டிப் போயிருக்கிறது.

நகரின் வடிகால் அலுவலகத்தில் ஒரு வரைபடம் காட்டினார்கள். அதில் தெருவின் குழாய் மட்டுமே இருக்கிறது, சந்தில் எதுவும் இல்லை. ஆகவே வீடு வீடாகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் நான்கு வீடுகளில் கழிவுநீர் முன்தெருவுக்குத்தான் போகிறது என்றார்கள். ஐந்தாவது வீட்டில் எவரும் இல்லை. ஆறாவது ஒரு வட்டாரா. ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து சிறு வாடகை வீடுகள், பின்கோடியில் பொதுக் கழிவறை ஒன்று, முன்பக்கம் ஒன்று. குடியிருப்பவர்களில் மூன்று குடும்பங்கள் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்தவை. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் பின்பக்கக் கழிவறை பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

"டிசம்பர்லயே பூட்டிட்டாங்க தம்பி. போர்ல தண்ணி நின்னுபோச்சு. டேங்கர் தண்ணி முன்னாடி தொட்டிக்கு மட்டுந்தான் வருது. அஞ்சு வீட்டுக்கும் இப்ப ஒண்ணே ஒண்ணுதான்."

"போர்ல மறுபடியும் தண்ணி வந்தா?"

"வந்தா தெறப்பாங்க. போன வருசம் வரைக்கும் நாங்க அதிலதானே போயிட்டிருந்தோம்."

நான் அங்கேயே சற்று நேரம் பேச்சற்று நின்றேன். மூன்று வாரங்களாக நான் ஒரு குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மறுமுனையில் பதினெட்டுப் பேர் ஒற்றைக் கழிவறைக்கு வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால் இன்றைக்கு எவருக்கும் எதுவும் தெரிந்திராது. மழை பெய்து, போரில் நீர் ஊறி, அந்தப் பூட்டைத் திறந்து நாலு நாள் கழித்து, அவர்களுடைய முற்றத்தில் கழிவு எழும்பியிருக்கும். ஏன் என்று அவர்களுக்கும் புரிந்திராது. ஆறு வீடு தள்ளி நாங்கள் செய்தது என்று எங்களுக்கும் புரிந்திராது.

12 மார்ச், செவ்வாய்

அந்தக் கழிவறை உண்மையில் இந்தக் குழாயில்தான் சேருகிறதா என்பதை நான் இன்னும் நிரூபிக்கவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரியான கேள்வி. ஞாயிறு அன்று எழுதிய குறிப்பில் நெஞ்சின் வேகம் அறிவை முந்திவிட்டது.

17 மார்ச், ஞாயிறு

வட்டாராவின் உரிமையாளர் சாவி கொடுத்தார். குடிக்க நீரில்லாத காலத்தில் சோதனைக்காக நல்ல நீரை ஊற்ற மனம் வரவில்லை; எங்கள் வீட்டு நீர்சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரையும், துணி அலசிய நீரையும் ஒரு வாரமாக டிரம்மில் சேர்த்து எடுத்துப்போனோம்.

முதலில் சாயம் கலந்து மூன்று வாளி. சேம்பரில் என் மகள் உட்கார்ந்து பார்த்தாள். முப்பது நிமிடம் கழிந்தும் எதுவும் வரவில்லை. இங்கே நிறுத்தியிருந்தால் "தொடர்பு இல்லை" என்று எழுதியிருப்பேன். ஆனால் மூன்று மாதமாகக் காய்ந்த குழாய் அது. இரண்டடிக்கு ஓர் இணைப்பு என்றால் இருநூறு அடிக்கு நூறு இணைப்புகள். அவற்றில் வெடித்த சிமெண்டும், வேர்களும், ஆங்காங்கே உட்கார்ந்துபோன பள்ளங்களும் முதல் வாளிகளைக் குடித்துவிடும். ஆகவே சாயமில்லாமல் நாலு வாளி ஊற்றிக் குழாயை நனைத்துவிட்டு, பிறகு சாயத்தோடு இன்னும் மூன்று வாளி ஊற்றினோம்.

முன்பே மணலை மாற்றித் தூவியிருந்தோம். இரண்டாம் முறை ஊற்றிய பத்தொன்பதாவது நிமிடத்தில் மணல் நனைந்தது. சற்று நேரத்தில் மங்கலான பச்சை தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் ஐயமாக இருக்கவே, ஒரு பாட்டிலில் பிடித்து, இருட்டறையில் ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தோம். பளிச்சென்று ஒளிர்ந்தது.

தொடர்பு உறுதி. சாயம் வந்தால் தொடர்பு உண்டு என்று சொல்லலாம்; வரவில்லை என்றால் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது. எவராவது இதைச் செய்யப் போகிறீர்கள் என்றால் முதலில் குழாயை நனையுங்கள். வீட்டுக்கு வீடு சோதிக்க வேண்டியிருந்தால் ஒரே சாயத்தை ஒரே நாளில் இரண்டு இடத்தில் ஊற்றாதீர்கள். முன்னது இன்னும் உள்ளே தங்கியிருந்து பின்னதன் பெயரில் வெளியே வரும்.

24 மார்ச், ஞாயிறு

கேமரா விட்டுப் பார்க்கலாமே என்று பலரும் கேட்டிருந்தீர்கள். இன்று வாடகைக்கு எடுத்தோம். வளையும் கம்பியின் முனையில் விளக்கோடு கூடிய கேமரா. அதே முனையில் 512 ஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி இருக்கிறது. மேலே தரையில் நடப்பவர் கையில் உள்ள ஏற்பியால் குழாய் எங்கே, எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டே வரலாம்.

சேம்பரிலிருந்து கிழக்கே 140 அடி போனது. அங்கே வேர் அடர்ந்து தடுத்தது. வேர்க் கொத்துகள் ஏழு இணைப்புகளில். எங்கள் பள்ளத்தருகே மேல்பக்கம் விரிசல். அது புதியது, கடப்பாரை பட்டிருக்க வேண்டும். அது எங்கள் குற்றம், நாங்களே சரிசெய்ய வேண்டும். மூன்றாவது வீட்டின் எதிரே, கடிகாரத்தில் 2 மணி காட்டும் இடத்தில், ஒரு கிளைக் குழாய் வந்து சேருகிறது. அந்த வீட்டார் முன்தெருவுக்குத்தான் போகிறது என்று சொன்னவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்களைப் போலவே அவர்களுக்கும் தெரியாது.

கேமரா காட்டாதது ஒன்று உண்டு. ஒரு கிளை இருக்கிறது என்று காட்டும்; அதில் நேற்று நீர் வந்ததா, போன வருடம் வந்ததா என்று காட்டாது. கிளையின் அடியில் வழுவழுப்பான படலம் இருந்தால் அண்மையில் ஓடியது என்று ஊகிக்கலாம். இங்கே தூசிதான் இருந்தது. ஆனால் தூசியைப் பற்றி இப்போது நான் அவசரப்படுவதாக இல்லை.

2 ஏப்ரல், செவ்வாய்

புகைச் சோதனை செய்யச் சொன்னவருக்கு: குழாய்க்குள் புகையை ஊதி எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பது நல்ல முறைதான். வீடுகளின் ட்ராப்புகளில் நீர் நின்றால் புகை அறைக்குள் வராமல் தடுக்கும். இந்தக் கோடையில் பூட்டிக் கிடக்கும் எல்லாக் கழிவறைகளின் ட்ராப்புகளும் வற்றிப்போயிருக்கின்றன. புகை நேரே வீட்டுக்குள் எழும்பும். வட்டாராவில் ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை இருக்கிறது. செய்யப் போவதில்லை.

20 மே, திங்கள்

மழை தொடங்கிவிட்டது. இரண்டு நாளாக மழை இல்லாதபோதும் வாய்க்காலில் நூல் அளவு நீர் ஓடுகிறது. யாராவது பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்களா, அல்லது மேலே குடிநீர்க் குழாய் கசிகிறதா என்று குழம்பினேன். நீரைப் பிடித்துப் பார்த்ததில் சோப்பு நுரை இல்லை, நாற்றம் இல்லை, கரைந்த உப்புக் கணக்கு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 610 மில்லிகிராம். எங்கள் காவிரிக் குழாய் நீர் 190 காட்டும். குளோரின் பார்க்கும் சொட்டுகளை விட்டேன். மஞ்சள் நிறம் வரவில்லை. ஆகவே குழாய்க் கசிவு என்று தோன்றவில்லை. மழையில் ஊறிய மண்ணிலிருந்து இணைப்புகள் வழியாக உள்ளே வரும் ஊற்று நீர் என்றே கொள்கிறேன். நீர் ஓடுவதாலேயே ஒரு குழாய் பயன்பாட்டில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது போலும்.

3 ஜூன், திங்கள்

நேற்று நகரில் 111 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதத்தின் ஒரு நாள் மழையில் 1891ஆம் ஆண்டின் பதிவை இது முறியடித்திருக்கிறது. மரங்கள் விழுந்து மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, குடையோடும் டார்ச்சோடும் சந்துக்குப் போனேன்.

குழாய் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. சேம்பரில் ஒன்றரை அடி நீர் ஏறி நின்றது. மறுநாள் காலை மாடிகளைச் சுற்றி வந்து பார்த்ததில், மூன்றாவது வீட்டின் கிளை அவர்கள் மொட்டைமாடியின் பழைய மழைநீர்க் குழாயிலிருந்து வருகிறது என்று தெரிந்தது. பூட்டிக் கிடக்கும் ஐந்தாவது வீட்டின் மாடிநீரும் இதில்தான் இறங்குகிறது.

அப்பா சொன்னது சரி. அது மழைத்தண்ணிக் குழாய்தான். அதோடு கழிவுநீர்க் குழாயும்கூட. பிப்ரவரியில் நான் சரிவை வைத்து அவர் சொன்னதை ஒதுக்கியிருந்தேன். அவர் சிறுவனாக இருந்தபோது மழை நாளில் பார்த்ததை நினைவில் வைத்திருக்கிறார். நான் கோடையில் பார்த்ததை வைத்து மறுத்தேன்.

மாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடக் கூடாது என்பதே விதி; ஏன் என்பதற்கு நேற்றைய ஒன்றரை அடியே விளக்கம். வட்டாராவின் கழிவறை அப்போது திறந்திருந்தால் அந்த நீர் அவர்கள் பக்கமாகத்தான் எதிர்த்துப் போயிருக்கும்.

23 ஜூன், ஞாயிறு

போரில் நீர் வந்துவிட்டது. வியாழன் முதல் வட்டாராவின் பின்பக்கக் கழிவறையைத் திறந்துவிட்டார்கள். வெள்ளி அதிகாலை ஆறு மணிக்கு நான் போனபோதே மணல் வரப்பு போயிருந்தது. ஆறேகாலுக்கும் எட்டுக்கும் இடையில் ஒன்பது முறை நீர் வந்தது. எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

7 ஜூலை, ஞாயிறு

தொட்டியின் இடத்தை நாலடி தெற்கே தள்ளிவிட்டோம். கொள்ளளவு 2,000 லிட்டர் குறைகிறது, பரவாயில்லை. விரிசல் கண்ட இரண்டு துண்டுகளை எடுத்துவிட்டுப் பி.வி.சி. வைத்து, ரப்பர் இணைப்பு போட்டு, கீழே கான்கிரீட் படுக்கை கொடுத்தாயிற்று. வேலை நடந்த நாளில் வட்டாராவில் முன்கூட்டியே சொல்லி, காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை கழிவறையைப் பூட்டி வைக்கச் செய்தோம். வேர்களை நீர்ப்பீச்சு லாரி வெட்டி எடுத்தது. எவரும் உள்ளே இறங்கவில்லை. மூன்றாவது வீட்டார் தங்கள் மாடிநீரைத் தனித் தொட்டிக்குத் திருப்ப ஒப்புக்கொண்டார்கள். எங்கள் துவைக்கும் கல்லின் கிளையை மூடிவிட்டோம். ஐந்தாவது வீட்டின் உரிமையாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

குழாய் போகும் வழி, ஆழம், சேம்பரின் இடம், யார் யாருடைய நீர் சேருகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து, ஆறு வீடுகளுக்கும் பிரதி கொடுத்தோம். பூக்கட்டும் அம்மா தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எங்க வீடு எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதைப் பாலிதீன் உறையில் போட்டு, மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டார்.